வீட்டிலேயே ஒரு ட்ரோம்போ

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோ நகரில் பொழுது சாய்ந்ததும் தெருவோரத் தாக்கோ கடைகளில் முதலில் கண்ணில் படுவது, நெருப்புக்கு எதிரே செங்குத்தாக நின்று சுழலும் செக்கச்செவேலென்ற இறைச்சி அடுக்குதான். உச்சியில் ஒரு அன்னாசித் துண்டு. இந்த அடுக்கை ட்ரோம்போ என்பார்கள். கடைக்காரர் நீளக் கத்தியால் வெந்த ஓரத்தை மட்டும் சீவ, துண்டுகள் கையிலிருக்கும் டார்ட்டில்லா என்ற மக்காச்சோள ரொட்டியில் விழும். கத்தி நுனியால் அன்னாசியை ஒரு சுண்டு. அதுவும் பறந்து வந்து சேர்ந்துகொள்ளும். இதுதான் தாக்கோஸ் அல் பஸ்தோர்.

செங்குத்துக் கம்பி மெக்சிகோவில் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, ஒட்டோமான் ஆட்சியிலிருந்த லெபனான் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. மெக்சிகோவின் ப்வெப்லா நகரில் அதில் 'அரபுத் தாக்கோ' சுட்டார்கள். ஆட்டுக்கறி இருந்த இடத்தில் பன்றிக்கறி வந்தது. உலர்ந்த குவாஹியோ மிளகாயும், சிவப்புக்கு அச்சியோட்டே விதையும் பிறகு கூடின.

இதை வீட்டில் செய்யலாமா? தாராளமாக. அடிப்படை ஒன்றுதான்: நெருப்பு கீழே இல்லை, பக்கவாட்டில். உருகும் கொழுப்பு தணலில் சொட்டாது; அதனால் சுவாலை எழும்பிக் கறி கருகாது. கொழுப்பு அடுக்கின் மேலேயே வழிந்து இறங்கும்.

முதலில் வேண்டியது அகலமான ஸ்டீல் தட்டு ஒன்று. அதன் நடுவில் வெல்டிங் வைத்த, முழங்கை நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. தட்டுக்கு அடியில் ஒரு பேரிங். மோட்டார் கட்டாயமில்லை, தெருக்கடைகளிலேயே கையால் திருப்புகிறவர்கள் உண்டு. விலை மலிவென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி மட்டும் வாங்கிவிடாதீர்கள். மசாலாவில் வினிகர் இருக்கிறது. அந்தப் புளிப்பு துத்தநாகப் பூச்சைக் கரைத்துக் கறிக்குள் இறக்கிவிடும். நெருப்புக்கு, கம்பிவலையில் நிமிர்ந்த கூடை செய்து கரியை நிரப்பலாம். செராமிக் கேஸ் பர்னரை நிமிர்த்தியும் வைக்கலாம். எதுவானாலும் திறந்த வெளியில்தான். கறி எவ்வளவு உயரமோ, தணலும் அவ்வளவு உயரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி கருகும், மேலும் கீழும் பச்சையாக நிற்கும். கூடை முன்னும் பின்னும் நகரும்படி இருந்தால் சூட்டைக் கூட்டிக் குறைக்க வேறு எதுவும் வேண்டாம்.

பன்றியின் தோள்பட்டைக் கறியை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அகலமாகச் சீவி, ஓர் இரவு மசாலாவில் ஊறவிடுங்கள். பச்சை அன்னாசிச் சாற்றை முந்தின இரவே ஊற்றக் கூடாது. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி கறியைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். சொருகும்போது ஒவ்வொரு துண்டையும் திசை மாற்றிப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். இடைவெளி விட்டால் சீவும்போது பிய்ந்து தொங்கும்.

இப்போது பலர் கவனிக்காத ஒன்று. ட்ரோம்போ என்பதே, வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கென்று அமைந்த கருவி. கடையில் வெளிப்புறம் வேக வேகச் சீவிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே அடுத்த அடுக்கு நெருப்பைப் பார்க்கும். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் ஐந்து கிலோ அடுக்கினால், நடுக்கறி மணிக்கணக்கில் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். கிருமி பெருக அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆகவே அடுக்கைச் சிறிதாகவும் மெலிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு சீவத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு இரும்புக் கல் சூடாக இருக்கட்டும். சீவியதை அதில் ஒரு புரட்டுப் புரட்டி, உள்ளும் புறமும் வெந்ததா என்று பார்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.

கடைசியில் கம்பியோடு ஒட்டி நிற்கும் கறியைச் சீவ முயல வேண்டாம். கம்பியிலிருந்து உருவி, நறுக்கி, அதே கல்லில் மொறுமொறுவென்று வறுத்துவிடுங்கள். சட்டி வழிக்கிற ஆள் ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார், அது அவருக்கு.

நன்றி, வணக்கம்.