விசுவாசம் வேற, அடங்கிப்போறது வேற

நடுவர் ஐயாவுக்கும் திருவிழாவுக்கு வந்த சனத்துக்கும் வணக்கம். நாட்டை உயர்த்துறது பெரியாக்களுக்கு அடங்கிறதா, கேள்வி கேக்கிறதா எண்டதுதான் தலைப்பு. எதிரணித் தங்கச்சி, யப்பானைப் பாருங்கோ, அடங்கி நடந்துதான் முன்னுக்கு வந்தது எண்டு சொல்லிக் கைதட்டும் வாங்கிக்கொண்டு போய் இருந்திட்டா. சரி பிள்ளை, யப்பானுக்கே போவம்.

ஃபுக்குஷிமா அணு நிலையத்துக்கு 15.7 மீற்றர் வரைக்கும் சுனாமி வரலாம் எண்டு அதை நடத்தின டெப்கோ கொம்பனிக்குள்ளயே 2008 இல கணக்குப் போட்டு மேலிடத்துக்குக் குடுத்தவை, மேலிடம் இன்னும் ஆராயுங்கோ எண்டு தள்ளிவிட, கீழ இருந்தவை அதோட வாயை மூடிட்டினம், 2011 மார்ச்சில கடல் வந்திட்டுது. யப்பான் பாராளுமன்றம் போட்ட விசாரணைக் குழுவின்ர தலைவர் குரோகாவா 2012 அறிக்கையில, மேலிடத்தைக் கேள்வி கேக்கத் தயங்கிற எங்கட குணமும் அந்த அணு விபத்துக்குக் காரணம் எண்டு எழுதினார். அதையும் இங்கிலீஷ் பதிப்பிலதான் எழுதினவர், யப்பான் பதிப்பில அந்த வரியள் இல்லை!

அதே யப்பானில டொயோட்டா பக்டரியில, லைனில நிக்கிற சாதாரண பெடியன் பிழை கண்டா கயித்தை இழுக்கலாம், லீடர் ஓடி வருவார், பிரச்சினை தீராட்டி முழு லைனும் நிக்கும். அவனுக்கு மட்டும் கொம்பனியில விசுவாசம் இல்லையோ?

ஹொஃப்ஸ்டீட் எண்ட ஒல்லாந்துக்காரர் ஐபிஎம் கொம்பனி ஆக்களை நாடு நாடாக் கேட்டு ஆராய்ஞ்சு, அதிகாரத்துக்கு அடங்கிறதையும் கூட்டத்தோட ஒட்டுறதையும் வேற வேறயா அளந்தவர். கொஸ்தா ரிக்காக்காரர் கூட்டமெண்டா உயிர், ஆனா மேலதிகாரிக்குப் பயம் குறைவு. பிரான்ஸ் அப்பிடியே மறுவளம். தங்கச்சி ரெண்டையும் ஒண்டாக் குழைச்சிட்டா.

இஞ்ச இரணைமடுக் குளத்துத் தண்ணியில எவ்வளவு விதைக்கிறதெண்டு முடிவெடுக்கிற சிறுபோகக் கூட்டத்தைப் பாருங்கோ. முன்கதிரையில அதிகாரிமார், பின்னால கமக்காரர் அமைப்புத் தலைவர்மார், வாய்க்கால் கடைசியில காணி வச்சிருக்கிறவர் வாசலில சைக்கிளைப் பிடிச்சபடி. கடைசிக்குத் தண்ணி வராதெண்டு அவருக்குத்தான் தெரியும். ஆனா எல்லாருக்கும் சம்மதமோ எண்டு கேட்டா அவரும் தலையாட்டுவார், தலைவர் சொந்தக்காரன், நாலு பேருக்கு முன்னால எப்பிடி மறுத்துக் கதைக்கிறது? பிறகு நெல்லு கதிர் தள்ள முன்னம் குடலைப் பருவத்தில வாடேக்க வரம்பில தனிய நிண்டு ஏசுவார். அண்டைக்கே சொல்லியிருந்தா ஊருக்குத் துரோகமோ? இன்னும் ரெண்டு ஏக்கர் குறைச்சு விதைச்சிருக்கலாம், கடைசிக் காணியும் தப்பியிருக்கும்.

நடுவர் ஐயா மணி அடிச்சிட்டார். இதுக்கு மட்டும் அடங்கிறன், தங்கச்சி கைதட்டலாம்.