அரை இடம் தள்ளி விழும் தாளம்: ரான்சிட் குழுவின் இசைப்பயணம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

கையில் தாளம் போட்டபடி கச்சேரி கேட்பவர்களுக்கு ஒன்று தெரியும். பாட்டு எப்போதும் தட்டு விழும் இடத்திலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. அரை இடம் தள்ளியும் எடுக்கலாம். ஜமைக்காவில் பிறந்த ஸ்கா என்னும் இசையில் கிட்டார் செய்கிற வேலையும் ஏறத்தாழ இதுதான். பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் தாளத்தை நிலத்தில் ஊன்றி நிற்க, கிட்டார்க்காரரின் கை தந்திகளைக் கீழிருந்து மேலாகச் சுண்டி, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தில் மட்டும் ஒலியை வைக்கிறது. வைத்த கணமே விரல்களைத் தளர்த்தி அதை அடக்கியும் விடுகிறது. கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் 1950-களின் இறுதியில் உருவான இந்தச் சிறிய உத்தி, முப்பது ஆண்டுகள் கழித்து சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில், பின்னாளில் ரான்சிட் என்ற குழுவைத் தொடங்கிய இரண்டு இளைஞர்களின் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது, அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள்.

அந்த இருவர் டிம் ஆம்ஸ்ட்ராங்கும் மாட் ஃப்ரீமனும். கலிபோர்னியாவில் பெர்க்லியை அடுத்துள்ள ஆல்பனி என்ற சிற்றூரில் ஏறக்குறைய ஐந்து வயதிலிருந்தே நண்பர்களாக வளர்ந்தவர்கள். இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1979-ல் ஜெர்ரி டேமர்ஸ் தொடங்கிய டூ டோன் நிறுவனத்தின் இசைத்தட்டுகள் வழியாகத்தான் ஸ்கா இவர்கள் தலைமுறை அமெரிக்க இளைஞர்களிடம் பெரும்பாலும் வந்து சேர்ந்தது. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளும் வெள்ளையின இளைஞர்களும் ஒரே மேடையில் நின்று வாசித்த அந்நிறுவனத்தின் குழுக்கள், வேகமும் சீற்றமும் மிக்க ராக் வகையான பங்க் இசையின் கோபத்தையும் ஸ்காவின் ஆட்டத்தையும் ஏற்கெனவே ஒன்றாகப் பிசைந்து வைத்திருந்தன. ஆகவே ஆல்பனி நண்பர்களுக்குக் கிடைத்தது, ஒரு முறை கைமாறிய கடன் என்றே சொல்ல வேண்டும்.

1987-ல் இவர்கள், பாடகர் ஜெஸ்ஸி மைக்கேல்ஸையும் ட்ரம்ஸ் கலைஞர் டேவ் மெல்லோவையும் சேர்த்துக்கொண்டு ஆபரேஷன் ஐவி என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1952-ல் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைத் தொடரின் பெயர் அது. எலுகெலாப் என்ற சிறு தீவையே இல்லாமல் ஆக்கிய முதல் ஹைட்ரஜன் குண்டு அந்தத் தொடரில்தான் வெடித்தது. குழுவின் தாய்வீடு, பெர்க்லியில் கில்மன் தெரு 924-ஆம் எண்ணில் 1986-ன் கடைசி நாளன்று திறக்கப்பட்ட ஒரு பழைய கிடங்கு. மது கூடாது, வன்முறை கூடாது, இனவெறி கூடாது, எந்த வயதினரும் வரலாம், வேலை அனைத்தையும் தொண்டர்களே செய்ய வேண்டும் என்பவை அந்த இடத்தின் விதிகள். பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குழுக்களுக்கு அங்கே மேடை கிடையாது என்ற விதியும் இருந்தது. இந்தக் கடைசி விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த பலவற்றுக்கு அது திறவுகோல்.

ஆபரேஷன் ஐவி இரண்டே ஆண்டுகள்தான் உயிரோடு இருந்தது. 1988-ல் ஒரு சிறு இசைத்தட்டு, 1989-ல் லுக்அவுட் நிறுவனம் வெளியிட்ட ஒரே ஒரு முழு ஆல்பம், அமெரிக்காவைச் சுற்றி ஒரே ஒரு பயணம். அந்த ஆல்பத்தை இன்று கேட்டாலும் பதிவின் கரடுமுரடு காதில் உறுத்தும்; ஆனால் ஸ்காவின் துள்ளலிலிருந்து பங்க் வேகத்துக்கும், அங்கிருந்து மறுபடி துள்ளலுக்கும் ஒரு மூச்சு இடைவெளியில் தாவும் அந்த லாகவத்தை அதற்குப் பிறகு வந்தவர்களில் பலரால் எட்ட முடியவில்லை. ஆல்பம் வெளிவந்த 1989 மே மாதத்திலேயே, கில்மன் தெருவில் நிரம்பி வழிந்த கூட்டத்தின் முன் வாசித்துவிட்டு, குழு கலைந்தது. புகழ் தாங்கள் கேட்காத வேகத்தில் வளர்ந்தது, குறிப்பாக மைக்கேல்ஸுக்கு, சுமையாகிவிட்டது. குழு இல்லாமல் போன பிறகுதான் அதன் இசைத்தட்டுகள் நன்றாக விற்றன.

அடுத்த ஓரிரு ஆண்டுகள் ஆம்ஸ்ட்ராங்குக்கு இருண்ட காலம். குடி அவரைத் தெருவுக்கே கொண்டுவந்தது. வீடற்றோர் விடுதியில் தங்கிய நாட்களும் உண்டு. குடியை விட்டால் மறுபடி ஒரு குழு தொடங்கலாம் என்று ஃப்ரீமன் தந்த ஊக்கத்தின் மேல்தான் 1991-ல் ரான்சிட் எழுந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் அறைத்தோழர் பிரெட் ரீட் ட்ரம்ஸ் வாசிக்க, முதலில் மூவர் குழுவாகவே இருந்தார்கள். 1993-ல் எபிடாஃப் நிறுவனத்தில் வெளிவந்த முதல் ஆல்பம் ஏறக்குறைய முழுக்க வேகமான பங்க்; ஸ்காவின் சுவடு அதில் மிகக் குறைவு. பழைய குழுவின் நிழலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டாவது கிட்டாருக்கு ஆள் தேடியபோது, கிரீன் டே குழுவின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் ஒரே ஒரு நிகழ்ச்சியில் உடன் வாசித்தார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரு ஆம்ஸ்ட்ராங்குகளும் உறவினர்கள் அல்லர். கடைசியில் அந்த இடத்துக்கு வந்தவர், இங்கிலாந்தின் யூ.கே. சப்ஸ் குழுவில் சிறிது காலம் வாசித்திருந்த லார்ஸ் ஃபிரெடெரிக்ஸன்.

1994-ஆம் ஆண்டு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கிரீன் டே, ஆஃப்ஸ்பிரிங் ஆகிய இரு கலிபோர்னியக் குழுக்களின் ஆல்பங்கள் பல இலட்சக்கணக்கில் விற்க, நேற்றுவரை கிடங்குகளில் ஒலித்த பங்க் இசை நிறுவனங்களின் கண்ணுக்குத் தங்கச் சுரங்கமாகத் தெரிந்தது. அதே ஆண்டு 23 பாடல்களோடு இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டிருந்த ரான்சிட்டைத் தேடி, பாடகி மடோனாவின் மேவரிக் நிறுவனம் உட்படப் பலர் வந்தார்கள். நீண்ட ஊசலாட்டத்துக்குப் பிறகு, பிரெட் குரெவிட்ஸ் என்ற பங்க் கிட்டார்க் கலைஞர் நடத்திய எபிடாஃபிலேயே தங்கிவிட அவர்கள் முடிவு செய்தார்கள். 1995 ஆகஸ்டில் வெளிவந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயர் 'அண்ட் அவுட் கம் த வுல்வ்ஸ்'. ஓநாய்கள் வெளியே வந்துவிட்டன என்ற பொருள்படும் இந்தப் பெயர், தங்களை வளைக்க வந்தவர்களை நோக்கிய கிண்டலே.

இந்த ஆல்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் ஸ்கா ரான்சிட்டுக்குள் முழு உரிமையோடு திரும்பி வந்தது இதில்தான். தொடக்கப் பாடலில் ஃப்ரீமனின் பேஸ் கிட்டார், பின்னால் நின்று தாங்கும் வேலையை விட்டுவிட்டு, விரல்கள் ஓடும் ஓட்டத்தில் தனி ஆவர்த்தனமே வாசித்துவிடுகிறது. 'டைம் பாம்' என்ற பாடலோ அசல் ஸ்கா. தவறான வழியில் போய் இளமையிலேயே செத்துப்போகும் ஒருவனின் கதையைச் சொல்லும் அது, கிங்ஸ்டன் பாடகர்கள் 1960-களில் 'ரூட் பாய்' என்ற பெயரில் பாடிய தெருப் பையன்களின் நேர் வாரிசு. தாளத்தை மட்டுமன்றிப் பாத்திரத்தையும் சேர்த்தே கடன் வாங்கியிருக்கிறார்கள். அதை மறைக்கவும் இல்லை. இன்னொரு பாடலில், பேருந்துப் பயணத்தின் நடுவே ஜமைக்கப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் பெயரைச் சொல்லியே பாடுகிறார்கள். நிரந்தரமான ஊதுகருவிக் குழு ஒன்று இவர்களிடம் இருந்ததில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இதே காலத்தில் டிரம்பெட்டும் டிராம்போனும் ஏந்தி வந்த அமெரிக்க ஸ்கா குழுக்களில் பல, அந்த இசையைக் கோமாளிக் கூத்தாகச் சுருக்கிவிட்டன என்பது என் கருத்து. ரான்சிட் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. ஆல்பம் 2004-ல் அமெரிக்காவில் பத்து இலட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் தகுதியைப் பெற்றது.

இவ்வளவு வெற்றிக்குப் பின் அதே அச்சில் இன்னொன்றை வார்ப்பதே எளிய வழி. அவர்களோ 1998-ல் வெளிவந்த 'லைஃப் வோன்ட் வெயிட்' ஆல்பத்துக்காகப் பல ஊர்களில் பதிவு செய்தார்கள். அவற்றுள் கிங்ஸ்டனும் ஒன்று. டான்ஸ்ஹால் என்ற ஜமைக்க நடன இசையின் பாடகர் பூஜு பான்டன் தலைப்புப் பாடலில் சேர்ந்து பாடினார். விற்பனையில் முந்தையதை எட்டவில்லை என்றாலும், என் காதுக்கு இதுவே அவர்களின் மிக விரிந்த படைப்பு. அதற்கு முந்தைய ஆண்டே ஆம்ஸ்ட்ராங் எபிடாஃபின் துணையோடு ஹெல்கேட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஹெப்கேட், ஸ்லாக்கர்ஸ் போன்ற ஸ்கா குழுக்களுக்கு இடம் தந்திருந்தார். ரான்சிட்டின் ஆதர்சமான, இங்கிலாந்தின் பங்க் குழுவான கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர், தம் கடைசிக் கால ஆல்பங்களை அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் வழியாகவே வெளியிட்டார்.

பிந்தைய ஆண்டுகளை விரைவாகவே கடந்துவிடலாம். 2000-ல் வந்த ஆல்பம் ஸ்காவை ஒதுக்கிவிட்டு வேகத்துக்கே திரும்பியது. 2003-ல் வந்த அடுத்த ஆல்பத்தைப் பெரிய நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் விநியோகித்தபோது, கில்மன் தெரு விதியை வேதமாகக் கொண்ட பழைய ரசிகர்கள் கொதித்தார்கள்; ஓநாய்களைக் கேலி செய்தவர்களே அவற்றின் வாசலுக்குப் போனால் கேள்வி எழத்தானே செய்யும்? 2006-ல் ரீட் விலக, பிராண்டன் ஸ்டைனெக்கர்ட் அந்த இடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு 2009, 2014, 2017, 2023 என நிதானமான இடைவெளிகளில் நான்கு ஆல்பங்கள் வந்துள்ளன.

அந்த ஆண்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ரான்சிட்டின் பெயரில் வராத ஓர் ஆல்பம்தான். கிங்ஸ்டனில் 1960-களின் தொடக்கத்தில், ஸ்கா பிறந்த சூட்டோடு, பதின்ம வயதுச் சிறுவனாகப் பாட வந்தவர் ஜிம்மி கிளிஃப். அவருடைய 'ரீபர்த்' ஆல்பத்தை 2012-ல் தயாரித்தவர் டிம் ஆம்ஸ்ட்ராங். அடுத்த ஆண்டு அது, ஸ்காவின் வழிவந்த ஜமைக்க இசையான ரெகேயில் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அதில் கிளிஃப் தம் பாடல்களோடு, ரான்சிட்டின் ஓநாய் ஆல்பத்திலிருந்து 'ரூபி சோஹோ' என்ற பாடலையும் எடுத்துப் பாடியிருக்கிறார். பெர்க்லியின் பங்க் இளைஞர்கள் கத்திப் பாடிய அந்த மெட்டை, கிங்ஸ்டனின் முதியவர் சிரித்த முகத்தோடு பாடுவதுபோல் பாட, பின்னணியில் கிட்டார் அரை இடம் தள்ளி விழுகிறது.

நன்றி, வணக்கம்.