ட்ரெமோலோ பிரிட்ஜ்: மாட்டுவது சுலபம், ட்யூனில் நிற்க வைப்பதுதான் வேலை

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி எலெக்ட்ரிக் கிட்டாரில் வரும் ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோவைத்தான், அதாவது ஒரு தண்டால் அசைத்து சுரத்தை ஏற்றி இறக்கும் பிரிட்ஜைத்தான், இன்று மாட்டப் போகிறோம். வாங்குவதற்கு முன்னால் ஸ்கேலை எடுத்து, உடம்பில் இருக்கும் ஆறு துளைகளில் முதல் துளையின் நடுவிலிருந்து கடைசித் துளையின் நடுவரை அளந்துவிடுங்கள். பழைய ஃபெண்டர் அளவு ஏறத்தாழ 56 மில்லிமீட்டர், நிறைய மலிவு கிட்டார்களில் 52.5. இது ஒத்துப்போகவில்லை என்றால் பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைபோடுகிற வேலை வந்துவிடும், அது வேண்டாம்.

(திரையில்: பிளேட்டின் முன்விளிம்பு, மிக அருகில்)

ஆறையும் இறுக்கி முடுக்கிவிடாதீர்கள். பிளேட்டின், அதாவது பிரிட்ஜின் அடித்தகட்டின், பின்பக்கம் லேசாகத் தூக்க ஆரம்பிக்கும் வரை முடுக்கி, அது மறுபடி படியும் வரை கொஞ்சம் தளர்த்துங்கள். நடுவில் இருக்கும் நாலையும் இன்னும் அரைச்சுற்று தளர்த்திவிட்டால் பிளேட் ஓரத்து இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் ஆடும், உரசல் குறையும்.

(திரையில்: பின்பக்கக் குழி, ஸ்பிரிங்குகள்)

அப்புறம் பின்பக்கம். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டில் எர்த் வயர் சால்டர் செய்திருக்கும், அதை அறுத்துவிடாமல் பாருங்கள். ஒரு பக்கம் கம்பிகள், மறுபக்கம் ஸ்பிரிங்குகள், நடுவில் பிரிட்ஜ்: வடம் இழுக்கும் போட்டிதான் இது. அதனால்தான் ஒரு கம்பியை ட்யூன் செய்தால் மற்ற ஐந்தும் இறங்கிப்போகின்றன, புதிதாகச் செய்பவர்கள் பாதிப் பேர் இங்கேதான் வெறுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. முதலில் கொக்கித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் நன்றாக முடுக்கி, பிளேட்டின் பின்பக்கத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டையைச் செருகுங்கள். ஸ்பிரிங் இழுப்பில் அட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிரிட்ஜ் அசையாது, நிதானமாக ஆறு கம்பியையும் ட்யூன் செய்யலாம். இப்போது அந்த ஸ்க்ரூக்களைக் கால் சுற்று, கால் சுற்றாக, இரண்டையும் சமமாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். அட்டை தானாக நழுவி வருகிற இடத்தில் நிறுத்துங்கள், அங்கே இரண்டு இழுப்பும் சமம், ட்யூனும் அப்படியே இருக்கும்.

ஆக்‌ஷனைச் சரிபாருங்கள், அதாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை: 17வது ஃப்ரெட்டில் சுமார் 1.6 மில்லிமீட்டர் போதும். பிறகு 12வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்தி வாசித்த சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தின சுரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு முறையும் மறுபடி ட்யூன் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ட்ரெமோலோ தண்டை அழுத்திவிட்டதும் கம்பி பழைய ட்யூனுக்குத் திரும்பவில்லையா? பிரிட்ஜைத் திட்டாதீர்கள், முதலில் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளங்களில் பென்சில் கரியைத் தேயுங்கள், பெரும்பாலும் கம்பி சிக்குவது அங்கேதான். கம்பியின் தடிமனை மாற்றினால், உதாரணமாக 9லிருந்து 10க்குப் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) போனால், இழுப்பு கூடிவிடும், அட்டை வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.