அளந்து போடுவோம், தமிழில் போடுவோம்

அவைத் தலைவர் அவர்களே, என்னை இங்கே இழுத்துவந்த செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, மடிக்கணினிக்கு பிளக் தேடி அரங்கைச் சுற்றிவந்த தம்பிகளே, முன்வரிசைச் சான்றோர்களே, பின்வரிசையில் செல்பேசி பார்க்கும் இளைஞர்களே, வணக்கம். தலைவர் என்னை வல்லுநர் என்றார். அது அவருடைய பெருந்தன்மை.

பைத்தான் நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் குட்டி வெப் சர்வரை, அதாவது உலாவி கேட்கும் பக்கத்தை அனுப்பும் நிரலை, நம் விருப்பத்துக்கு வளைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள்: கோரிக்கையைப் பிடிப்பது, பதிலை அளப்பது, பாதுகாப்பு.

முதலாவது எளிது. பேஸ்-ஹெச்டிடிபி-ரெக்வெஸ்ட்-ஹேண்ட்லர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. அதை வைத்து நமக்கென ஒரு கிளாஸ் எழுதி, அதில் டூ_கெட் என்ற மெத்தடைப் போட்டால், பக்கம் கேட்டு உலாவி அனுப்பும் கெட் கோரிக்கை வரும்போதெல்லாம் அது ஓடும். தகவலைக் கொண்டுவரும் போஸ்டுக்கு டூ_போஸ்ட். எழுதாமல் விட்டால் சர்வர் 501, அதாவது ‘இது எனக்குத் தெரியாது’ என்று கையை விரித்துவிடும்.

இரண்டாவதற்கு வருவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்காமல் போட்டு மாட்டிக்கொண்ட கதை இது. ‘ஹலோ’ என்பதை ஆங்கிலத்தில் அனுப்பும் பக்கம் ஒன்றை எழுதியிருந்தேன். ஐந்து எழுத்து, பதில் எத்தனை பைட் என்று உலாவிக்குச் சொல்லும் கன்டென்ட்-லென்த் ஹெடரிலும் ஐந்து. நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. சாயங்காலம் ஆசை வந்தது, ‘வணக்கம்’ என்று மாற்றினேன். திரையில் ‘வண’ என்று வந்தது, அப்புறம் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. ஃபான்ட்டை மாற்றினேன், உலாவியை மாற்றினேன், கணினியையே அணைத்துப் போட்டேன். ‘வண’தான். மூன்று மணி நேரம் போன பிறகே உறைத்தது. புள்ளிகளையும் தனித்தனியே சேர்த்துப் பைத்தான் எண்ணினால் ‘வணக்கம்’ ஏழு குறியீடு. எழுத்தைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட், ஆக 21. நான் சொன்னதோ ஏழு. உலாவி சொன்ன சொல் தவறாமல் ஏழு பைட்டோடு நிறுத்திக்கொண்டது! முதலில் என்கோடு செய்துவிட்டு, அதாவது பைட்டாக மாற்றிவிட்டு, அப்புறம் எண்ண வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

வாங்கும்போதும் அதே கதைதான். போஸ்டில் வந்ததை எத்தனை பைட் என்று சொல்லாமல் படிக்கப் போனால், இணைப்பு மூடும்வரை சர்வர் காத்துக் கிடக்கும்.

இங்கேதான் என் பழைய வழக்கைக் கொண்டுவருகிறேன். தலைவர் சிரிக்கிறார், அவர் ஏற்கெனவே கேட்டவர். தமிழில் பக்கம் போடுகிறோம், பிழை வந்தால் மட்டும் ஏன் ஆங்கிலம்? பிழைப் பக்கத்தின் வார்ப்பான எரர்_மெசேஜ்_ஃபார்மேட் என்ற ஒரே சரத்தை மாற்றினால் போதும், ‘நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை’ என்று 404 தமிழ் பேசும். சர்வரே அதை யுடிஎஃப்-8இல் அனுப்பிவிடும். ஆனால் பிழையை அனுப்பும் சென்ட்_எரர் என்ற மெத்தடுக்குக் கொடுக்கும் சுருக்கச் செய்தியில் தமிழைப் போடாதீர்கள். அது பதிலின் முதல் வரியில் போகிறது. அந்த வரியை, தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்-1 முறையில்தான் அனுப்புகிறார்கள், நிரல் பிழை காட்டி விழும். தமிழ் விளக்கத்தை மூன்றாவது இடத்தில், எக்ஸ்ப்ளெய்ன் என்பதில் கொடுங்கள். இந்த அரங்கில் நிரல் எழுதும் ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு 404ஐத் தமிழில் எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது பாதுகாப்பு. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை வெளியுலகச் சேவைக்கு வைக்காதீர்கள் என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது; சோதனைக்கு 127.0.0.1இல், அதாவது உங்கள் கணினிக்குள் மட்டும் கட்டி வையுங்கள். மிச்சத்தைத் தேநீர் இடைவேளையில் கேளுங்கள், சொல்கிறேன். நன்றி, வணக்கம்.