கையெழுத்துக்கு மறுநாள்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை அமைதிக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க நான் ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, கேமராக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள் காலையில் அங்கே யார் இருக்கிறார்கள்?

அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 1975-ல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றவை. இரண்டிலும் அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நீண்ட உள்நாட்டுப் போர்.

அங்கோலாவில் 1991 மே மாதம் ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே தேர்தல். இரு தரப்புப் படைகளும் அதற்குள் முழுதாகக் கலைக்கப்படவில்லை. அவ்வளவு பெரிய நாட்டைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பியதோ சில நூறு பேரை. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஆன்ஸ்டி, ஜம்போ விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டுச் சின்ன விமானத்துக்கான எரிபொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆதங்கப்பட்டார். தேர்தல் முடிவை, அரசை எதிர்த்துப் போரிட்ட யூனிட்டா குழுவின் தலைவர் சவிம்பி ஏற்கவில்லை. படை அவர் கையில் இருந்தது, போருக்குத் திரும்பிவிட்டார். அது ஓய 2002 ஆயிற்று. பத்து வருஷம்!

மொசாம்பிக் பேச்சுவார்த்தை ரோமில் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்க அமைப்பின் இடத்தில் நடந்தது. 1990 ஜூலையில் உட்கார்ந்தவர்கள் 1992 அக்டோபர் 4-ல்தான் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துக்குப் பிறகு, அங்கோலா கண்முன்னே எரிந்துகொண்டிருந்ததால் இங்கே தேர்தலுக்கு அவசரப்படவில்லை. படைகளைக் கலைத்த பிறகே தேர்தல் என்று 1994 அக்டோபர் வரை பொறுத்தார்கள். ஐ.நா. ஆயிரக்கணக்கானோரை அனுப்பியது. ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்கு இரண்டு ஆண்டுக்கு மாதாமாதம் உதவித்தொகை. அரசை எதிர்த்துப் போரிட்ட ரெனமோ இயக்கம் அரசியல் கட்சியாக மாறவே தனி நிதி ஒன்று இருந்தது, அதில் இத்தாலியின் பணமும் உண்டு. அவ்வளவு கொடுமை செய்தவர்களுக்குப் பணமா என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பணத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் அங்கோலாவின் பத்து வருஷத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். 2013 வாக்கில் மொசாம்பிக்கில் மறுபடி மோதல்கள் வந்தது உண்மைதான். நடுவில் ஒரு தலைமுறை போரில்லாமல் வளர்ந்ததும் உண்மை.

சரி, வெளியுறவு அமைச்சகம் என்ன செய்யலாம்? தூதரக அதிகாரிகளை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பல நாடுகளில் வழக்கம். மற்ற வேலைகளுக்கு அது சரியாக இருக்கலாம். சமாதான வேலையில், எதிரும் புதிருமான இரண்டு தலைவர்கள் ஒருவரை நம்பத் தொடங்கும் நேரத்தில் அவரைப் பெட்டி கட்டச் சொன்னால், அடுத்து வருபவர் முதல் வணக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலைக்கென்று ஆட்களை அங்கேயே வைத்திருங்கள். மாநாட்டுக்கு ஒதுக்கும் பணத்தைப்போல மாநாட்டுக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் ஒதுக்குங்கள். அப்புறம், ஒரு கையால் சமாதான அறிக்கை நீட்டி, மறு கையால் அதே சண்டைக்கு ஆயுதம் விற்பதை நிறுத்துங்கள். இதில் விளக்க ஒன்றுமில்லை.

கையெழுத்துக்குப் பிறகும் அங்கேயே இருப்பது பலன் தரும் என்பதற்கு, தனிநாடு கேட்டுப் போராளிகள் அரசோடு மோதிய இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம் நல்ல சாட்சி. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அக்திசாரி நடுவராக இருந்து, 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் உடன்பாடு ஆனது. ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து நாடுகளும் கண்காணிப்பாளர்களை அனுப்பின. போராளிகள் கொண்டுவந்த துப்பாக்கிகளை அவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து, உதவாததைத் தள்ளி, ஏற்றதை மக்கள் முன்னால் ரம்பத்தால் அறுத்துப் போட்டார்கள். நான்கு கட்டமாக மொத்தம் 840. இந்தப் பக்கம் ஒரு கட்டம் ஆயுதம் வந்தால், அந்தப் பக்கம் ஒரு கட்டம் அரசுப் படை வெளியேற வேண்டும். டிசம்பரில் கடைசித் துப்பாக்கியும் அறுபட்டது. கண்காணிப்புக் குழு அதற்கப்புறமும் ஊர் திரும்பவில்லை. ஆட்களைக் குறைத்துக்கொண்டாலும், அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆச்சே மக்கள் தங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டு முடிக்கும் வரை அங்கேயே இருந்தது.