டாட்டூ கலைஞருக்கு ஒரு முன்பதிவுச் செயலி

நேயர்களுக்கு வணக்கம்.

பச்சை குத்தும் கலைஞர்களில் பலர் இன்னும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் செய்திகளைப் பார்த்து, நோட்டில் குறித்துத்தான் நேரம் கொடுக்கிறார்கள். ஊசி பிடித்திருக்கும் கையால் போனைத் தொட முடியாது. தொட்டால் கையுறையை மாற்றியாக வேண்டும். அதனால் பகலில் வந்த கேள்விக்கு ராத்திரிதான் பதில் போகிறது. மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில், இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும்போது எதை ஒப்படைக்கக் கூடாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

முடிதிருத்தும் கடைக்கு எழுதிய செயலி எல்லோருக்கும் அரைமணி நேரம் என்று ஒதுக்கிவிடும். டாட்டூவுக்கு அது சரிப்படாது. மணிக்கட்டில் ஓர் எழுத்து சீக்கிரம் முடிந்துவிடும். முழுக்கை டிசைன் பல நாள் வேலை. விலா எலும்பின் மேல் வலி அதிகம், நடுவில் நிறுத்தி நிறுத்திக் குத்த வேண்டும். பழைய டாட்டூவை மறைக்கும் கவர் அப் என்றால் தோலைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஆகவே செயலி முதலில் கேள்விகள் கேட்கட்டும்: உடம்பில் எந்த இடம், எத்தனை அங்குலம், கறுப்பா கலரா, அந்த இடத்தில் தழும்பு இருக்கிறதா. கூடவே ஒரு போட்டோ. அதைப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைக் கலைஞர் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரம் காலியாக இருக்கும் நாட்களை மட்டும் அதற்கப்புறம் வாடிக்கையாளருக்குக் காட்டினால் போதும்.

நேரத்தைக் கணினியே கணிக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. மூன்று மணி நேர வேலைக்கு இரண்டு மணி என்று கணித்துவிட்டால், அடுத்தவர் வாசலில் காத்திருப்பார், கலைஞர் அவசரப்படுவார். அந்த அவசரத்தில் கோணலான கோடு ஒருவர் தோலில் காலத்துக்கும் நிற்கும்.

மற்றதெல்லாம் கணினிக்கு உரிய வேலை. ஒருவர் போன பிறகு உறைகளை மாற்றி, கிருமிநாசினியால் துடைத்து, அடுத்தவருக்கு டிசைனின் அச்சான ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டிக் காயவைக்கும் நேரத்தை அதுவே சேர்த்துக்கொள்ளட்டும். அட்வான்ஸ் கட்டாயம் வாங்க வேண்டும். சொல்லாமல் வராமல் போனால், கலைஞருக்கு அந்த நாளோடு வரைந்து வைத்த டிசைனும் வீண். யுபிஐயில் பணம் வந்த தகவல் சில சமயம் தாமதமாக வரும். அதுவரை அந்த நேரத்தை 'பணத்துக்குக் காத்திருக்கிறது' என்று தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே நேரத்தை அழுத்தினால், திரையில் சரிபார்ப்பது போதாது, பதிவுகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமே மறுக்க வேண்டும். ஒரு கலைஞருக்கு ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரங்களைப் பதியாதே என்று போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு விதியாகவே எழுதிவிடலாம்.

ஆறும் காலமும் செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேல்தோல் ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதே இடத்தில் குறைகளைத் திருத்தும் டச் அப் செய்ய அதற்கு முந்தைய தேதியைக் காட்டவே கூடாது. குற்றாலத்துக்கோ கடலுக்கோ போகப்போகிறவர் புதுப்புண்ணைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது என்பதையும், டாட்டூ போட்டால் நம் நாட்டில் 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதையும் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

வயது, சர்க்கரை நோய், ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவையெல்லாம் கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் அந்தப் பதில்களையும் உடம்பின் போட்டோக்களையும் அந்தக் கலைஞரைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது, வேலை முடிந்ததும் அழிக்க வழி இருக்க வேண்டும்.

நினைவூட்டலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். செயலி வழியாக அனுப்பும்போது, வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகத்தை மட்டுமே அனுப்ப முடியும். அதனால் அந்த வாசகங்களுக்கு முதலிலேயே ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

அப்புறம், சனி ஞாயிறு மாலையில் கொஞ்ச நேரத்தை முன்பதிவுக்குத் திறக்காமல் விடுங்கள். அம்மாவின் பெயரைக் கையில் எழுதிக்கொள்ள நேராக நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.