கம்பெனிகள் ஏன் ஸ்ரீபெரும்புதூரைத் தேடி வருகின்றன?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டை வரும். 1996-இல் கொரியாவின் ஹூண்டாய் அங்கே அடிக்கல் நாட்டியது. 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. நிலமும் வரிச் சலுகையும் கொடுத்தோம், அதனால் வந்தார்கள் என்று பலர் சொல்வதுண்டு. சரி, ஆனால் சலுகை கொடுக்க எந்த மாநிலம்தான் தயாராக இல்லை? சென்னைக்குத் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது. அம்பத்தூரிலும் பாடியிலும் பல பத்தாண்டுகளாக வண்டிப் பாகங்கள் செய்து கைபழகிய தொழிலாளர்கள் இருந்தார்கள்.

ஹூண்டாயோடு கொரிய உதிரிபாகக் கம்பெனிகளும் வந்து இறங்கின. இது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கார் ஆலைகள் சீட்டையும் பம்பரையும் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. வரிசையில் அடுத்து வருவது சிவப்பு வண்டியா வெள்ளை வண்டியா என்று பார்த்து, அதற்குரிய பம்பர் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். அதற்கு சப்ளையர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அப்படி ஒரு வட்டாரமே உருவாகிவிட்டால், பின்னால் வருகிற கம்பெனிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. 2010-இல் பக்கத்து ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை தொடங்கியபோது அந்த வட்டாரம் தயாராக இருந்தது.

செல்போன் கம்பெனியான நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2014-இல் ஆலையை மூடியது. வேலை இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேதனையைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. ஆனாலும் செல்போன் செய்யும் பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை. 2019-இல் ஸ்ரீபெரும்புதூரில், ஆப்பிளுக்குப் போன் செய்து கொடுக்கும் தைவான் கம்பெனியான ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. மூடிக் கிடந்த நோக்கியா வளாகத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது.

என் கவலை வேறொன்று. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உடன் வேலை செய்பவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். சில வாரம் ஆலை ஓடவில்லை. அப்புறம் 2024 ஆகஸ்டில், பக்கத்து வல்லம் வடகாலில், தொழிற்பேட்டைகளை அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஆலைக்கு மின்சாரம் போலத்தான் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வீடு. அடுத்த தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே விடுதிக்கும், குடிநீருக்கும், இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸுக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.